கேட் முதலியார் என்ன வேலை பார்த்தார்?

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களின் மரண அறிவித்தல்களிலும் கல்யாண அழைப்பிதழ்களிலும் "கேட் முதலியார்" இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார். வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் பொன்னெழுத்தில் பார்த்தேன்: "கேட் முதலியாரின் பூட்டப்பிள்ளை". சரி, அந்தப் பூட்டன் என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டால் சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அது பெரிய மனவருத்தம்.

தமிழ்நாட்டில் முதலியார் என்றால் சாதிப் பெயர். இலங்கையில் அது உத்தியோகம். அதனால்தான் சிங்கள முதலியாரும் இருந்தார், தமிழ் முதலியாரும் இருந்தார், கல்முனையில் எம். எஸ். காரியப்பர் என்ற முஸ்லிம் கேட் முதலியாரும் இருந்தார். 'கேட்' என்பது ஆளுநரின் மாளிகை வாசல்; அந்த வாசலின் பெயரால் வழங்கிய முதலியார் பட்டம்தான் கேட் முதலியார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் ஒருவர் பின் ஒருவராக முதலியார் பதவியைத் தங்கள் வசதிக்குப் பாவித்தார்கள்.

வரி, காணி விவரம், ஊர்ப் பிணக்கு எல்லாம் முதலியாரின் கையில்தான். ஒல்லாந்தர் காலத்தில் அதற்குச் சம்பளமாகக் காணியே கிடைத்தது. வடக்கில் மணியகாரன், அவருக்குக் கீழே உடையார், ஊர் மட்டத்தில் விதானை என்று தனிப் படிவரிசை இருந்தது. பழைய படங்களை உற்றுப் பாருங்கள்: நீண்ட கோட்டு, நெஞ்சில் சரிகைக் கண்ணிகளும் பொன்னிறப் பொத்தான்களும், தோளிலிருந்து குறுக்கே இறங்கும் பட்டி, இடுப்பில் வாள். பதவிக்கு ஏற்ப உடுப்பும் மாறும்.

அந்த உடுப்புக்கு முன்னால் கைகட்டி நின்றவர்கள் படத்தில் இல்லை. இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்துக்கு ஊர்ச் சனத்தை அனுப்பியதும் இதே தலைமைக்காரர்கள்தான். கறுவாப்பட்டை உரிக்கவும் தெரு வெட்டவும் போனவர்களின் பெயர் எந்த அழைப்பிதழிலும் வராது. பிரித்தானிய அரசு அனுப்பிய கோல்புறூக் ஆணைக்குழு சொன்ன பிறகு, 1830களின் தொடக்கத்தில்தான் அந்த ஊழியம் ஒழிந்தது. பதவியோ பெரும்பாலும் உயர்சாதி எனப்பட்ட ஒருசில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றியது. இதையும் சேர்த்துச் சொல்லாத பெருமையை என்னால் ஏற்க முடியாது.

அதற்காக எல்லோரையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. கேட் முதலியார் குமாரசுவாமி 1835இல் சட்டநிரூபண சபைக்குப் போனார். அவருடைய மருமகன் பொன்னம்பல முதலியார் கட்டிய சிவன் கோயில் கொச்சிக்கடையில் இன்றும் இருக்கிறது. குமாரசுவாமியின் மகன் முத்துக்குமாரசுவாமி 'சேர்' பட்டம் பெற்றார். பேரன் ஆனந்த குமாரசுவாமியை உலகம் அறிந்தது கலை பற்றிய எழுத்தால். அவர் பெயருக்கு முன்னால் எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. இந்தப் பரம்பரையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

முதலியார் போன்ற பெரிய தலைமைக்காரர் பதவிகள் 1946 அளவில் ஒழிந்தன. 1956இல் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரித்தானியப் பட்டங்களை நிறுத்தினார். அவருடைய தகப்பன் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்க, முதலியார்களுக்கெல்லாம் தலைவரான மகா முதலியார்! வீட்டுக்குள் இருந்த பெருமையை அரசாங்கத்தில் வைத்து நிறுத்தினாரே, அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். அவருடைய மற்ற அரசியலோடு எனக்கு உடன்பாடு இல்லை.

முதலியார், உடையார், மணியகாரர் வழிவந்த குடும்பங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு அலுமாரியில் நியமனப் பத்திரம், காணிக் கணக்கு, தோம்பு எனப்பட்ட பழைய காணிப் பதிவேட்டின் பிரதி, தினக்குறிப்பு ஏதாவது கிடக்கிறதா? கறையான் அரிக்க முன் படம்பிடித்து இங்கே போடுங்கள். யாரிடம் எவ்வளவு வரி வாங்கினார்கள், யாரை எங்கே வேலைக்கு அனுப்பினார்கள் என்ற பக்கங்களையும் மறைக்காமல் போடுங்கள்.