சாமி வந்தால் நோயா?

அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீர்கள். காசிமேட்டில் கூழ் ஊற்றும் அன்று சாமி வந்து ஆடிய அம்மாவைப் படம்பிடித்துப் போட்டதே தப்பு. அதன் கீழே ‘ஸ்கிசோஃப்ரினியா’ (மனச்சிதைவு நோய்), ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று வரிசையாகத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். எழுதியதில் பாதிப் பேர் எங்கள் தெருப் பிள்ளைகள்.

எங்கள் அத்தைக்கும் ஆடி மாதம் சாமி வரும். பம்பை அடி ஏறும்போதே கழுத்து நரம்பு புடைத்துவிடும். வேப்பிலையைக் கவ்விக்கொண்டு ஆடுவார். கற்பூரம் காட்டித் திருநீறு பூசினால் அடங்கி, "சோடா குடு" என்று உட்கார்ந்துவிடுவார். மறுநாள் விடியற்காலையில் மீன் ஏலத்தில் நிற்பார். வஞ்சிரம் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. இவரா நோயாளி?

எது நோய் என்பதை, எந்த ஊரில், எந்தக் காலத்தில், யார் பார்க்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. 1851-இல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க டாக்டர், தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளுக்கு ‘டிராப்டோமேனியா’ என்று ஒரு நோயே கண்டுபிடித்தார். ஒருபாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரை நோய் என்றது. உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து எடுக்க 1990 ஆனது. அதே அமெரிக்கச் சங்கம் 2013-இல் கொண்டுவந்த மனநோய்க் கையேட்டில், ஊர் ஏற்றுக்கொண்ட சடங்கில் இயல்பாக வரும் சாமியாட்டத்தைக் கோளாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. டாக்டர்களே அப்படி நிதானிக்கும்போது, பதினைந்து நொடி வீடியோவில் உங்களுக்கு என்ன தெரிந்தது?

சாமி நிஜமா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. "அப்போ ஏர்வாடியை மறந்துட்டியா" என்பீர்கள். மறக்கவில்லை. தர்காவில் குணமாகும் என்று நம்பிக் கொண்டுபோய் விட்ட மனநோயாளிகள், 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக் கிடந்தபடியே தீயில் சிக்கி, 28 பேர் செத்தார்கள். எங்கள் சித்தப்பாவையும் அப்படித்தான் தாயத்து, மந்திரிப்பு என்று ஆறு வருடம் அலைக்கழித்தோம். சோற்றில் விஷம் என்பார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வாசலிலேயே நிற்பார். அது நோய். கீழ்ப்பாக்கம் போய் மாத்திரை ஆரம்பித்த அப்புறம்தான் திரும்ப வலை பின்ன உட்கார்ந்தார். அந்த ஆறு வருடத்துக்கு நானும் பொறுப்பு. அதனால்தான் சொல்கிறேன், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று எழுதிய தம்பிகளே, அந்த வீடியோ எங்கள் குடும்ப குரூப்புக்கும் வந்தது. சித்தப்பா கீழே இருந்ததையெல்லாம் படித்தார். ஒன்றும் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தார். அவருடைய மாத்திரை டப்பா எப்போதும் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நேற்று அங்கே இல்லை. தேடினால் பீரோவில், சித்தியின் புடவைகளுக்கு அடியில் இருந்தது.