ஹேர்னியா (குடலிறக்கம்) ஒப்பரேசனுக்குப் பிறகும் தொடருற நோ பத்தி
மேல ஒரு தம்பி போட்டதப் பலபேர் ஷேர் பண்ணியிரிக்காங்க, கவட்டு ஹேர்னியா ஒப்பரேசன் செஞ்சி மாசக்கணக்கா நோ இருந்து ஸ்கேனும் கிளியர் எண்டா அது மனசில உள்ள நோதானாம். தம்பி, குறை நினைக்காதீங்க, அது சரியில்ல. ஒப்பரேசன் நடக்கிற இடத்தால ஓடுற சின்ன நரம்புகள் தையல்லயோ ஹேர்னியாவ அடைக்க உள்ள வைக்கிற வலையிலயோ தழும்புலயோ மாட்டுப்பட்டா எரியும், குத்தும், சாரத்த இறுக்கிக் கட்டவும் ஏலாது, ஆனா இந்த நரம்புச் சிக்கல் ஸ்கேன்ல தெரியாமலே போகலாம். டொக்டர் ஒரு பஞ்சால தழும்புக்குப் பக்கத்துத் தோல மெல்லத் தடவி மத்தப் பக்கத்தோட ஒப்பிட்டுப் பாத்தாலே சில நேரம் வித்தியாசம் விளங்கும்.

நம்பாட்டி நீங்களே பாக்கலாம். கவட்டு ஹேர்னியா பத்தி 2018ல ஹேர்னியாசர்ஜ் எண்ட டொக்டர்மார் குழு போட்ட சர்வதேச வழிகாட்டி நெட்ல இலவசமாக் கிடக்கு, அதில மூணு மாசத்துக்கு மேல அன்றாட வேலையத் தடுக்கிற நோவத் தனிப் பிரச்சினையாவே எழுதி, 100 பேர்ல 10, 12 பேருக்குக் கணிசமான நோ நீடிக்கும் எண்டும் போட்டிரிக்கு. உலக சுகாதார நிறுவனத்திட ஐசிடி 11 எண்ட சர்வதேச நோய்ப் பட்டியல்லயும் ஒப்பரேசனுக்குப் பிந்திய நாட்பட்ட நோவுக்குத் தனி இடம் இரிக்கு.

பொறுத்துக் கிடக்கிற ஆக்கள் தயவுசெய்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை சர்ஜிக்கல் கிளினிக்குக்கு ஒப்பரேசன் துண்டையும் கொண்டு போங்க, நரம்பு நோவுக்கு மருந்து, நரம்பு விறைக்கிற ஊசி எண்டு வழி இரிக்கு.