வெயில் இருக்கிறது, பேனல் இருக்கிறது, மின்சாரம் மட்டும் இல்லை

நேற்றுப் பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாத வெயில். அந்த வெயிலை முழுவதுமாக வாங்கிக்கொண்டு ஆறு சோலார் பேனல்கள் சாய்ந்து கிடக்கின்றன. கீழே கூடத்தில் விசிறி அசையாமல் தொங்குகிறது. "ஏம்ப்பா, மேல இவ்வளவு வெயில் கொட்டுது, நம்ம வீட்டுக்குக்கூட அது வராதா?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும், சுவரில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பொருத்திக் கொடுத்தவரை அழைத்தேன். "கரண்ட் வந்தா அது தானா ஓட ஆரம்பிச்சிடும் சார்" என்றார்.

கரண்ட் வந்துவிட்டால் எனக்கு இது எதற்கு?

காரணத்தைப் பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பேட்டரி இல்லாமல் மின்கம்பியோடு நேரடியாக இணைக்கப்படும் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்ற சில நொடிகளுக்குள் தானும் நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இல்லாவிட்டால், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவரின் உயிரை என் வீட்டு மாடியிலிருந்து போகும் மின்சாரம் பறித்துவிடும். முற்றிலும் நியாயமான விதி. அதனோடு எனக்கு எள்ளளவும் சண்டை இல்லை. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும் என்பதை, முன்பணம் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம் அல்லவா? ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அலைபேசியில் படம் படமாகக் காட்டி, "இனி கரண்ட் பில்லையே மறந்துடலாம்" என்று பேசிய மனிதருக்கு அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நேரம் இல்லாமல் போனது எப்படி?

பில்லையும் மறக்க முடியவில்லை. பகலில் நாம் மின்கம்பிக்கு மீதம் அனுப்பும் யூனிட்டும் இரவில் நாம் வாங்கும் யூனிட்டும் எல்லா இடங்களிலும் ஒரே விலைக்குக் கணக்கிடப்படுவதில்லை என்பதையும், நிலைக் கட்டணம் என்று ஒன்று இருந்தால் அது மேலே பேனல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதில்லை என்பதையும் பில் வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பில் வருவதற்கு முந்தைய கதை இன்னும் கொடுமை. பேனல்களை ஏற்றிப் பொருத்த இரண்டே நாள்தான் ஆனது. இரு திசையிலும் கணக்கெடுக்கும் மீட்டர் வருவதற்குப் பதினோரு வாரம் ஆனது. அதுவரை இன்வெர்ட்டரை இயக்கவும் கூடாது. ஏனென்றால் சில பழைய மின்னணு மீட்டர்கள் நாம் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் நாம் செலவழித்ததாகவே கூட்டிவிடும். வெயிலுக்கும் நாம் காசு கட்ட வேண்டியதுதான். ஆகவே விண்ணப்பம், ஒப்புதல், ஆய்வு, மறுபடி ஆய்வு என்று ஒவ்வொரு மேசையிலும் கோப்பு களைப்பாறிக்கொண்டிருந்த அந்தப் பதினோரு வாரமும், காக்கை உட்கார்ந்து எழுந்து போவதற்கு மட்டுமே என் பேனல்கள் பயன்பட்டன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954-இல் செய்து காட்டிய சிலிக்கான் சூரிய மின்கலம் தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது; இன்று வீட்டுக்கு வரும் பேனலே 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. அறிவியல் அத்தனை தூரம் நடந்து வந்துவிட்டது, மீட்டர்தான் என் வீட்டு வாசல்படி ஏறவில்லை.

ஒருவழியாக மீட்டர் வந்து எல்லாம் ஓடத் தொடங்கியதும் அலைபேசியைத் திறந்து பார்த்தால், உச்சி வெயிலில் 2.3 கிலோவாட் என்று காட்டுகிறது. ரசீதில் 3 கிலோவாட் என்று இருக்கிறதே என்று பொருத்தியவரைக் கேட்டால், "அது அப்படித்தான் சார்" என்றார். அப்படித்தான் என்பது எனக்கும் இப்போது தெரியும். சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, மின்கலத்தின் வெப்பம் 25 டிகிரி என்ற ஆய்வுக்கூட நிலையில் அளந்து ஒட்டிய எண் அந்த 3. மொட்டை மாடி வெயிலில் மின்கலம் 60 டிகிரியைத் தொடும்; 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறன் குறையும். வெயில் ஏற ஏற மின்சாரம் கூடும் என்று நம்பியிருந்தேன். கூடுவது ஒளியால், குறைவது சூட்டால் என்று விற்றவர் சொல்லவில்லை.

இவை எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது நீர்த்தொட்டியின் நிழல். பிற்பகல் மூன்று மணி ஆனதும் தொட்டியின் நிழல் மெல்ல நகர்ந்து வந்து கடைசிப் பேனலின் மூலையில் ஏறும். நான்கு மணிக்குள் பாதியை மூடிவிடும். பேனலுக்குள் மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழல் அந்த மூலையோடு நிற்பதில்லை. நிழல் விழுந்த பகுதியைத் தவிர்த்து மின்சாரத்தைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் டையோடு இருக்கும் புண்ணியத்தில் மற்ற பேனல்கள் தப்புகின்றன, அவ்வளவுதான். பேனலை நான்கடி தள்ளி வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. தள்ளி வைக்க இடமும் இருந்தது. ஆனால் இடம் பார்க்க வந்தவர் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார், பத்து நிமிடம் நின்றார், நான்கு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பன்னிரண்டு மணிக்குத் தொட்டியின் நிழல் தொட்டியின் காலடியிலேயே கிடக்கும். இருபத்தைந்து ஆண்டு மாடியில் இருக்கப்போகும் பொருளுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் திட்டமிடல்.

பேனலை இடம் மாற்றித் தரச் சொல்லி, பொருத்தியவரை இன்று காலை மறுபடி அழைத்தேன். தனிக் கட்டணம் ஆகும் என்றார். சட்டத்தைக் கழற்றினால் தளத்தில் போட்ட துளைகளை நாங்களே அடைத்துக்கொள்ள வேண்டும் என்றார். முதலில் மாடியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எத்தனை மணிக்கு எடுத்த படம் வேண்டும் என்று கேட்டேன்.

"பகல்ல எப்ப எடுத்தாலும் போதும் சார்" என்றார்.