சகோதரிகளுக்கு 14, சகோதரர்களுக்கு 2

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சபை அலுவலக அறையில் கணினி முன்னால் லீதியாள். எதிரில் சபைச் செயலாளர் ஸ்தேவான், கையில் பாஸ்டர் எழுதிக் கொடுத்த இரண்டு தாள்கள். தலைப்பு: 'விசுவாசிகளின் நடத்தை ஒழுங்கு'. அடுத்த வாரம் பிரசங்க மேடையிலிருந்து வாசிக்க வேண்டும். ஸ்தேவானுக்குக் காரியம் ஆகவேண்டுமென்றால் லீதியாளைத் 'தங்கச்சி' என்பார், எரிச்சல் வந்தால் 'சிஸ்டர்'. சபைக்குள் அன்பின் சூட்டை அளக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஸ்தேவான்: டைப் அடி தங்கச்சி. விதி 1. சகோதரிகள் பொன் நகை அணியக் கூடாது. பக்கத்திலேயே 1 பேதுரு 3:3 என்று போட்டுவிடு.

லீதியாள்: வசனத்தையும் சேர்த்தே அடித்துவிடுகிறேன் அண்ணே. "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு..." இதில் மூன்று இருக்கிறதே? பின்னல், பொன், உயர்ந்த வஸ்திரம். நாம் நடுவில் இருப்பதை மட்டும் தடுக்கிறோமா?

ஸ்தேவான்: பின்னலைத் தடுத்தால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் தலைவிரிகோலமாக வந்து நிற்பார்கள்.

லீதியாள்: சரி, உயர்ந்த வஸ்திரம்?

(ஸ்தேவானுக்குப் பாஸ்டரின் புது கோட்டு நினைவுக்கு வருகிறது. அதற்குள் இருக்கும் இன்னொரு கோட்டும்.)

ஸ்தேவான்: நடுவில் இருப்பதை மட்டும் அடி.

லீதியாள்: இன்னொரு சந்தேகம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1743-ல் தன் சங்கங்களுக்கு எழுதிய பொது விதிகளிலேயே பொன்னும் விலையுயர்ந்த உடையும் கூடாது என்று இருக்கிறது. நம் பெந்தெகொஸ்தே பரிசுத்த ஒழுங்குக்கெல்லாம் அதுதான் தாத்தா வீட்டுச் சொத்து. அவர் அதைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லையே?

ஸ்தேவான்: எந்தச் சகோதரன் நகை போட்டுக்கொண்டு வருகிறான்? ஒருவனைக் காட்டு.

லீதியாள்: உங்கள் கையில் மஞ்சளாக மின்னுவது?

ஸ்தேவான்: இது கடிகாரம். மணி பார்க்க. தேவையான பொருளுக்கும் ஆபரணத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் சிஸ்டர்.

லீதியாள்: இப்போது மணி என்ன?

ஸ்தேவான்: பத்து இருபது.

லீதியாள்: ஆராதனை முடிந்ததே பன்னிரண்டரைக்கு.

ஸ்தேவான்: ...நின்று நாலு மாதம் ஆகிறது.

லீதியாள்: ஓடினால் கடிகாரம் அண்ணே. நின்றுவிட்டால்?

ஸ்தேவான்: அடுத்த விதிக்குப் போ.

(2 முதல் 11 வரை முழங்கை, முழங்கால், கழுத்து, கணுக்கால் என்று உடற்கூற்றுப் பாடம்போல் போயின. வாசிக்கும்போது ஸ்தேவானே இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.)

ஸ்தேவான்: விதி 12. சகோதரிகள் தலைமுடிக்குச் சாயம் பூசக் கூடாது. நரைமயிர் மகிமையான கிரீடம். நீதிமொழிகள் 16:31.

லீதியாள்: 'சகோதரர்களும்' என்று சேர்க்கட்டுமா? கிரீடம் என்றால் எல்லோருக்கும்தானே?

(ஸ்தேவானின் கை தானாக மீசைக்குப் போகிறது. நிலக்கரி நிறம். அதற்கு மேலே தலைமுடி பாதி வெள்ளை. ஒரே முகத்தில் இரண்டு தலைமுறை.)

ஸ்தேவான்: வசனத்தில் தலை என்றுதான் அர்த்தம். மீசையைப் பற்றி வேதம் மௌனமாக இருக்கிறது.

லீதியாள்: நான் மீசையைப் பற்றிக் கேட்கவே இல்லை அண்ணே.

ஸ்தேவான்: 13, 14-ஐயும் டைப் அடித்துவிடு. அத்துடன் சகோதரிகள் முடிந்தார்கள். இனி சகோதரர்கள். விதி 15. ஆராதனைக்கு நேரத்தோடு வரவும். விதி 16. வண்டிகளை ஒழுங்காக நிறுத்தவும்.

லீதியாள்: அப்புறம்?

ஸ்தேவான்: அவ்வளவுதான்.

லீதியாள்: எங்களுக்குப் பதினாலு. உங்களுக்கு ஒரு கடிகாரமும் ஒரு வண்டியும்.

ஸ்தேவான்: அளவைப் பார்க்காதே தங்கச்சி, ஆழத்தைப் பார். விதி 17. இது எல்லோருக்கும். வேலை மாறவோ, வீடு மாறவோ, திருமணம் பேசவோ பாஸ்டரின் அனுமதி வேண்டும். எபிரெயர் 13:17. உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்கியிருங்கள்.

லீதியாள்: அதே வசனத்தில் அவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ணுகிறவர்கள் என்றும் இருக்கிறது. ஆத்துமாவுக்கு உத்தரவாதம் சரி. அவர் சொன்ன வேலைக்குப் போய் அங்கே சம்பளம் வராவிட்டால் அதற்கு யார் உத்தரவாதம்?

ஸ்தேவான்: மேய்ப்பன் என்றால் ஆடு எங்கே மேய்கிறது என்று பார்க்க வேண்டாமா?

லீதியாள்: இதை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது அண்ணே. 1970-களில் அமெரிக்காவில், ஃபுளோரிடாவில், ஐந்து போதகர்கள் சேர்ந்து ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு மேய்ப்பன் வேண்டும், வாழ்க்கையின் பெரிய முடிவுகளை அவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று போதித்தார்கள். ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஐவரில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் பிற்பாடு அது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஸ்தேவான்: மன்னிப்புக் கேட்பதற்கு யாரிடம் அனுமதி வாங்கினாராம்?

லீதியாள்: அண்ணே!

ஸ்தேவான்: சும்மா கேட்டேன். விதி 18. இதை மட்டும் தடித்த எழுத்தில் போடு. பாஸ்டருக்கு விரோதமாக யாரும் பேசக் கூடாது. நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள். சங்கீதம் 105:15.

லீதியாள்: அதற்கு முந்தின வசனத்தைப் படித்திருக்கிறீர்களா?

ஸ்தேவான்: பாஸ்டர் 15-இல்தான் ஆரம்பிப்பார்.

லீதியாள்: 14-இல் தேவன் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு மூன்று பேரும் சொந்த நிலம் இல்லாமல் ஊர் ஊராகத் திரிந்த காலம் அது. சொற்ப ஜனங்களும் பரதேசிகளும் என்று அந்தச் சங்கீதமே சொல்கிறது. அதிகாரத்தில் இருக்கிறவனைப் பார்த்து, இந்த அந்நியர்கள்மேல் கை வைக்காதே என்று சொன்ன வசனம். நாம் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்தேவான்: (குரலைத் தாழ்த்தி) கதவு சாத்தியிருக்கிறதா பார்.

லீதியாள்: சாத்தியிருக்கிறது. பாஸ்டருக்கு என்ன விதி?

ஸ்தேவான்: பாஸ்டருக்கு நாற்காலி இருக்கிறது.

(உண்மைதான். மேடை நடுவில், கைப்பிடியில் சிங்க முகம் செதுக்கியது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும்.)

லீதியாள்: 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், அசூசா தெருவில் நம் பெந்தெகொஸ்தே சபைகளுக்கு வித்திட்ட எழுப்புதல் நடந்ததே, அதை நடத்திய வில்லியம் சீமூர் எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? காலியான இரண்டு ஷூ பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து, அதற்குப் பின்னால் உட்காருவார். கூட்டம் நடக்கும்போது மேல்பெட்டிக்குள் தலையை விட்டு ஜெபித்துக்கொண்டிருப்பார். நேரில் பார்த்தவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஸ்தேவான்: தலையைப் பெட்டிக்குள் விட்டால் யார் காணிக்கை போடவில்லை என்று எப்படித் தெரியும்?

லீதியாள்: அதனால்தான் விட்டார்போல.

(இருவரும் சிரித்துவிட்டு, உடனே கதவைப் பார்க்கிறார்கள்.)

லீதியாள்: விதி 19. போதகர்மேல் பிராது வந்தால் இரண்டு மூன்று சாட்சிகளை வைத்து விசாரிக்கப்படும். குற்றம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளப்படும்.

ஸ்தேவான்: என் தாளில் இது இல்லையே! யார் சொன்னது?

லீதியாள்: பவுல். 1 தீமோத்தேயு 5:19, 20.

ஸ்தேவான்: 19 தெரியும். சாட்சி இல்லாமல் மூப்பர்மேல் பிராதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. அதைப் பாஸ்டர் மாதம் ஒரு முறை வாசிக்கிறார்.

லீதியாள்: 20 அதற்கு அடுத்த வரிதான். பக்கம்கூடப் புரட்ட வேண்டாம்.

ஸ்தேவான்: சிஸ்டர்... தங்கச்சி... இதைச் சேர்த்தது யார் என்று என்னைத்தான் கேட்பார்.

லீதியாள்: நீங்களும் நானும் என்று சொல்லுங்கள். இரண்டு சாட்சி ஆகிவிட்டது.

ஸ்தேவான்: (அவசரமாக எழுந்து) எனக்கு நேரமாகிவிட்டது, நான் கிளம்புகிறேன்.

லீதியாள்: மணி என்ன அண்ணே?

(ஸ்தேவான் கடிகாரத்தைப் பார்க்கிறார்.)

ஸ்தேவான்: பத்து இருபது.

(பிரிண்டர் ஓடத் தொடங்குகிறது.)