கீசரை அணைத்தால் பில் ஏறாது

"கீசரை நாள் முழுவதும் போட்டே வைத்தால்தான் மின்சாரம் மிச்சம், அணைத்துப் போட்டால் பில் ஏறும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. கணக்கு நேர்மாறானது. 50 லீட்டர் நீரை 28 பாகை செல்சியசிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 1.9 யூனிட் வேண்டும். எப்போது சூடாக்கினாலும் அதேதான். சூடாகவே வைத்திருந்தால், தாங்கியின் சுவர் வழியே கசியும் வெப்பத்துக்கும் சேர்த்து மின்சாரம் போகும். நீர் ஆற ஆறக் கசிவும் குறையும்; அணைப்பதில் லாபம் அங்கேதான். திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு நிலம் சும்மா சூடு கொடுக்கிறது, நமக்கு யார் கொடுப்பது? அதுவும் திருகோணமலையில் மதியம் மொட்டைமாடித் தாங்கி நீர் கையைச் சுடுகிறது. குளிக்க 40 பாகை போதும். வெப்பக்காப்பு நன்றாக உள்ள கீசரென்றால் இழப்பு குறையும், இல்லாமல் போகாது.