முனை மடக்கிய விரல்

முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. அம்மா சுற்றி நூல் கட்டிச் சுளகில் போடுகிற பீடிக்கு நான் முனை மடக்க வேண்டும். நகக்கண்ணில் தூள் ஏறிவிடும்; எத்தனை தேய்த்துக் கழுவினாலும் சோற்றில் புகையிலை வாடை வரும். காலையில் கடையில் ஆயிரம் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். உலையும் வைத்து, பீடியும் சுற்றி, முனையும் மடக்க அம்மாவுக்கு ஏது கை? போதாததற்குக் கடைக்காரர் நாலு கட்டைக் கழித்து வேறு போடுவார்.

பிள்ளைகள் கைபட்ட சரக்கை வெளிநாட்டுக்காரன் வாங்காமல் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். 1999இல் அமெரிக்கச் சுங்கத்துறை அந்தக் காரணத்துக்காகவே இந்தியப் பீடி ஒன்றை உள்ளே விட மறுத்தது. சரி. ஆனால் நம் பீடியில் பெரும்பங்கு இங்கேயே புகைந்து தீர்கிறது. எங்கள் திண்ணைக்கு அமெரிக்கா எங்கே வரும்?

வங்கதேசத்தைப் பாருங்கள். பிள்ளைகள் உழைப்பில் உருவான சரக்கைத் தடுக்க 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. அந்தப் பயத்திலேயே ஆயத்த ஆடை முதலாளிகள் சுமார் 50,000 பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள் என்பது யுனிசெஃப் கணக்கு. பள்ளிக்கூடத்துக்கா போனார்கள்? பலர் கல் உடைக்கவும் தெருவில் பிழைக்கவும் போனார்கள். சிலர் பாலியல் தொழிலில் விழுந்தார்கள். 1995இல்தான் ஒப்பந்தம் வந்தது: பள்ளியில் இடம் கிடைக்கும்வரை யாரையும் நிறுத்தக் கூடாது, படிக்கிற பிள்ளைக்கு அந்த நாட்டுப் பணத்தில் மாதம் 300 டாக்கா. மிரட்டல் இல்லாமல் இது வந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை அல்லவா முதலில் செய்திருக்க வேண்டும்?

தடை நமக்கும் புதிதில்லை. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலேயே பிள்ளைகள் பீடி சுற்றக் கூடாது என்றிருந்தது. குடும்பத்தோடு சேர்ந்து செய்தால் மட்டும் அப்போது விலக்கு இருந்தது. திண்ணையில் குடும்பத்தோடு இல்லாமல் வேறு யாரோடு உட்காருவோம்?

வெளிநாட்டுக்காரனுக்கு நிஜமாகவே அக்கறை இருந்தால் விலையைக் கூட்டிக் கொடுக்கட்டும், அது சுற்றுகிற தாயின் கைக்கு வந்ததா என்று கணக்குக் கேட்கட்டும். என்னைப் பகலில் திண்ணையிலிருந்து எழுப்பியது சத்துணவு. சாயங்காலம் வந்து மறுபடி மடக்கத்தான் செய்தேன். நான் பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம் ஆயிரத்துக்கான கூலி கொஞ்சம் ஏறியது. அப்புறம் ஒருநாள் சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: “ஏட்டி, நீ போய்ப் படி. முனைய நான் மடக்கிக்கிடுதேன்.”