கூரைக்கு மண்ணா, கண்ணாடியா?

"பசுமைக் கூரை வீண்செலவு. அந்த இடத்தில் ஒரு பச்சைவீடு போட்டால் தக்காளியாவது காய்க்கும்." ரொறன்ரோவில் நம்மவர்கள் கூடுமிடங்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். பசுமைக் கூரை என்றால் கூரையின் மேல் மண் பரப்பிச் செடி வளர்ப்பது. பச்சைவீடு என்றால் கண்ணாடிக் கூண்டுக்குள் பயிர் வளர்ப்பது. ஊரில் தோட்டம் செய்த சனம் நாங்கள், அந்த ஆசை புரிகிறது. வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2024 ஜூலை 16ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மி.மீ. மழை கொட்டியது, டொன் வலி நெடுஞ்சாலையில் கார்கள் வெள்ளத்துக்குள் நின்றன. ஒரு சதுர மீற்றரில் விழும் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். அத்தனை மழை பெய்தால், 1,000 சதுர மீற்றர் வெறுங்கூரை 98,000 லீற்றரை வடிகால் குழாய்க்குள் தள்ளிவிடும். நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. அது நிரம்பி வழிந்தால் அழுக்கு ஒன்ராறியோ ஏரிக்குத்தான் போகிறது.

பத்து சென்ரிமீற்றர் மண்ணும் செடம் என்ற தடித்த இலைச் சிறு செடிகளும் அவ்வளவையும் பிடித்துவைக்கும் என்று நான் சொல்லவில்லை. முதல் பங்கை மண் குடித்துக்கொள்ளும், மிச்சத்தை மெல்ல விடும். குழாய்களுக்குத் தேவைப்படுவது அந்தத் தாமதம்தான். தக்காளியை லொறியில் கொண்டுவரலாம். கூரையில் விழும் மழையை அந்தக் கூரையில்தான் கவனிக்க வேண்டும். மொத்தத் தளப்பரப்பு 2,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்குப் பசுமைக் கூரையைக் கட்டாயமாக்கி, வட அமெரிக்காவிலேயே முதலாவதாக 2009இல் இந்த நகரம் விதி இயற்றியது. அது சரியான முடிவு.

பச்சைவீட்டின் மீது எனக்குப் பகையில்லை. மொன்றியலில் லூஃபா ஃபாம்ஸ் என்ற நிறுவனம் 2011இல் கூரைமேல் பச்சைவீட்டைத் தொடங்கியதை நான் மதிக்கிறேன். கட்டடத்திலிருந்து மேலேறும் சூடு அங்கே வீணாவதில்லை. ஆனால் 2020இல் அவர்கள் திறந்த 1,60,000 சதுர அடிப் பச்சைவீடு எதன் மேல் நிற்கிறது? சியர்ஸ் என்ற கடை நிறுவனத்தின் பழைய களஞ்சியத்தின் மேல். அகலமான, தாழ்ந்த கூரை. நாற்பது மாடிக் கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) உச்சியிலோ காற்று அறைகிறது. குளிரூட்டிகளும் மின்தூக்கி இயந்திர அறையும் போக மிஞ்சுவது கொஞ்ச இடம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் பழைய பிலிப்ஸ் கட்டடத்தின் மேல் மீனும் மரக்கறியும் வளர்த்த பச்சைவீடு 2016இல் திறந்து 2018இல் திவாலானது. ஒரு வியாபாரம் மூடினால் இன்னொன்று வரும் என்று விட்டுவிடலாம். மழைக்கான ஏற்பாட்டை அப்படி ஒரு வியாபாரத்தின் இலாபநட்டத்தில் தொங்கவிட முடியுமா?

மரக்கறி வேண்டுமென்றால் மண்ணை ஆழமாக்குங்கள். ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கட்டடத்தில் 2004இல் அமைத்த பசுமைக் கூரை, பிறகு கால் ஏக்கர் தோட்டமாகிவிட்டது. பாரம் தாங்குமா என்று பொறியியலாளர் முதலில் பார்க்கட்டும். பச்சைவீட்டுக்காக வாதாட விரும்புகிறவர்கள் ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் உள்ள களஞ்சியக் கூரைகளுக்காக வாதாடுங்கள், நானும் வருகிறேன்.

கொண்டோ நிர்வாகக் குழுக்களில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கிறோம் என்று பசுமைக் கூரையில் கைவைக்காதீர்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வடிகால் வாய்களைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். காற்றில் வந்து முளைக்கும் மரக்கன்றுகளை வேர் இறங்குமுன் பிடுங்கச் சொல்லுங்கள்.